சர்க்கரை தாழ்ந்தால் தலை வலிக்குமா?

தலைவலியை நம்மவர் ஒரு நோயாகவே மதிப்பதில்லை. ‘தலைவலிதானே’ என்று சொல்லி, ஒரு குவளைக் காப்பியை அருந்தி, நெற்றியில் தைலத்தைத் தடவிக்கொண்டு அவரவர் வேலையைக் கவனிக்கச் சென்றுவிடுகிறோம். பெரும்பாலான சமயங்களில் இதனால் கேடு ஏதும் விளைவதில்லை. ஆனால் நீரிழிவு நோய்க்கு இன்சுலின் ஊசியோ, குறிப்பிட்ட சில மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவருக்குத் தலை வலிக்குமானால், அதே காப்பியும் தைலமும் அவரை ஏமாற்றிவிடக் கூடும். அது எவ்வாறு என்பதையே இங்கு நாம் ஆராயப் போகிறோம்.

பெங்களூரில் அல்சூர்ப் பகுதியில் வாழும் அறுபது வயதுப் பெரியவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். இளமையிலிருந்தே அவருக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. பத்து ஆண்டுகளாக நீரிழிவும் உண்டு. காலை ஏழரை மணிக்கு மாத்திரையை விழுங்கி, இரண்டே இட்டிலி தின்றுவிட்டு, ஓய்வூதிய வேலையாக வங்கிக்குப் போகிறார். அங்கே வரிசை நீளமாக இருக்கிறது. பதினொன்றரை மணிக்குத் தலை கனக்கத் தொடங்குகிறது. ‘பழைய விருந்தாளி வந்துவிட்டான்’ என்று எண்ணிக்கொண்டு, எதிரேயுள்ள கடையில் சர்க்கரை இல்லாத காப்பி ஒன்றைக் குடித்து, வலி மாத்திரையையும் போட்டுக்கொள்கிறார். வீடு திரும்பியதும், விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுப் படுத்துவிடுகிறார். ஒரு மணிக்குச் சாப்பிட அழைக்க வரும் மனைவி காண்பது என்ன? சட்டை வியர்வையில் நனைந்திருக்கிறது. கேட்ட கேள்விக்கு அவர் ஏதோ பொருந்தா விடை சொல்கிறார். இவருக்கு வந்தது ஒற்றைத் தலைவலியா, சர்க்கரைத் தாழ்வா, அல்லது இரண்டுமா? இவ்வினாவை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

இத்தகைய பெரியவர்கள் அரியவர்கள் அல்லர். ஓசூர்ச் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தைப் பெங்களூர்த் தமிழர் அனைவரும் அறிவர். அந்நிறுவன அறிஞர்கள் வெளிநாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து, பெங்களூர் நகரிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வீடு வீடாகச் சென்று, பதினெட்டு முதல் அறுபத்தைந்து வயது வரையிலுள்ள 2,329 பேரிடம் தலைவலியைப் பற்றி விசாரித்தனர். அதன் முடிவுகள் 2015-இல் வெளிவந்தன. ஓராண்டுக் காலத்தில் ஏதேனும் ஒரு வகைத் தலைவலி கண்டவர்கள் நூற்றுக்கு 63.9 பேர். ஒற்றைத் தலைவலி மட்டும் நூற்றுக்கு 25 பேருக்கு இருந்தது. அதிலும் பெண்களுக்கே மிகுதி. நகரத்தாரைக் காட்டிலும் நாட்டுப்புறத்தாருக்கு அதிகம். நீரிழிவின் கணக்கும் இதற்கு இளைத்ததன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் மாநிலந்தோறும் நடத்திய பெரிய கணக்கெடுப்பு 2023-இல் வெளியாயிற்று. இந்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 11.4 பேர், அதாவது ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேர், நீரிழிவு உடையவர்கள் என்று அது மதிப்பிட்டது. இவ்வளவு பரவிய இரு நோய்களும் ஒரே உடலில் சந்திப்பது வியப்பாகுமா?

இனி மூளையின் சமையற்கட்டை எட்டிப் பார்ப்போம். உடலின் எடையில் மூளை ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே விழுங்கிவிடுகிறது. தசையும் இருதயமும் கொழுப்பை எரித்துக் காலந் தள்ளும். மூளைக்கு அந்த வசதி இல்லை. அதன் அன்றாட உணவு குளுக்கோஸ் என்னும் சர்க்கரையே. நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 முதல் 120 கிராம் வரை அதற்கு வேண்டும். இதைச் சேமித்து வைத்துக்கொள்ளவும் மூளைக்கு இடமில்லை. அன்றாடங் காய்ச்சியின் வாழ்வுதான். இரத்தம் கொண்டுவந்து தந்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

ஆகவே உடல் இரத்தச் சர்க்கரையை ஓர் எல்லைக்குக் கீழே போகவிடாமல் பல காவல்களை வைத்திருக்கிறது. நாம் சாப்பிடாத வேளையில், ஈரல் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜனைச் சிறிது சிறிதாகச் சர்க்கரையாக்கி இரத்தத்தில் விடுகிறது. நூறு மில்லி லிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 80 மில்லிகிராம் அளவுக்கு இறங்கினாலே கணையம் இன்சுலின் சுரப்பதைக் குறைத்துவிடும். 70-ஐ நெருங்கும்போது குளுக்ககான், அட்ரினலின் ஆகிய சுரப்புகள் எழுந்து, ஈரலை முடுக்கிவிடும். இந்தக் காவல்கள் செம்மையாக இருக்கும்வரை, நோயற்ற ஒருவர் ஒரு வேளை பட்டினி கிடந்தாலும் அவருடைய சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்வதில்லை. பசிக்கும், எரிச்சல் வரும், சிலருக்குத் தலையும் வலிக்கும், அவ்வளவே.

நீரிழிவுக்கு மருந்து உண்பவரின் நிலை வேறு. காலையில் குத்திக்கொண்ட இன்சுலினுக்கு மதியச் சாப்பாடு தாமதமாகும் செய்தி தெரியாது. அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இந்த உண்மை இன்சுலினின் வரலாற்றிலேயே முதலிலிருந்து கலந்து நிற்கிறது. 1921-இல் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவரும் கணையச் சாற்றிலிருந்து இம்மருந்தைக் கண்டறிந்தனர். 1922 ஜனவரியில் அது முதன்முதலாக ஒரு பதினான்கு வயதுச் சிறுவனுக்கு ஏற்றப்பட்டது. அதே காலத்தில் அங்கே முயல்களுக்கு இன்சுலின் ஏற்றிப் பார்த்தபோது, அவை வலிப்புக் கண்டு விழுந்தன. சர்க்கரை நீரை ஏற்றியதும் எழுந்து ஓடின. இன்சுலினின் முதல் அளவையே, பட்டினி கிடந்த முயலின் இரத்தச் சர்க்கரையை வலிப்பு வரும் நிலையாகிய 45 மில்லிகிராமுக்கு இறக்கத் தேவையான மருந்து எவ்வளவு என்பதைக் கொண்டுதான் வகுத்தனர். உயிர் காக்கும் மருந்தும் சர்க்கரைத் தாழ்வும் ஒரே தொட்டிலில் பிறந்தவை எனலாம்.

மாத்திரைகள் எல்லாம் இவ்வாறு செய்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்; இல்லாவிட்டால் வீணான அச்சம் பரவும். மெட்பார்மின் மட்டும் உண்பவருக்குச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்வது அரிது. கணையத்தைத் தட்டியெழுப்பி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு போன்றவையே கவனத்திற்குரியவை. இவற்றுள் கிளிபென்கிளமைடு உடலில் நெடுநேரம் தங்குவது. முதியோரிடமும் சிறுநீரகம் தளர்ந்தவரிடமும் அதன் ஆற்றல் எதிர்பாராத அளவுக்கு நீடிக்கும். நம் வாசகர் தம் மாத்திரை அட்டையைத் திருப்பி, அதிலுள்ள மருந்தின் பெயரைப் படித்து வைத்துக்கொள்வது நலம். ‘வெள்ளை மாத்திரை ஒன்று, மஞ்சள் மாத்திரை பாதி’ என்று மருத்துவரிடம் சொல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழிந்தபாடில்லை.

சர்க்கரை 70-க்குக் கீழே வந்தால் அதைத் தாழ்வு என்று மருத்துவர்கள் கொள்கின்றனர். 54-க்குக் கீழே போனால் உடனே கவனித்தே ஆகவேண்டிய நிலை. முதலில் அட்ரினலினின் அறிகுறிகள் தோன்றும்: கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, வியர்வை, அடங்காப் பசி. பிறகு மூளையின் பட்டினி தன்னை வெளிப்படுத்தும். பார்வை மங்கும், சொல் குழறும், காரணமின்றிச் சினம் வரும், தலை சுற்றும், தலை வலிக்கும். சர்க்கரை குறையும்போது, கிடைப்பதைக் கூடுதலாகக் கொண்டுவரும் முயற்சியில் மூளையின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. வலிக்கு இதுவும் ஒரு காரணமென்று கருதப்படுகிறது.

உறக்கத்தில் வரும் தாழ்வு மிகவும் வஞ்சகமானது. நள்ளிரவுக்குப் பின் இரண்டு, மூன்று மணியளவில் சர்க்கரை இறங்கினால் உறங்குபவர் பல சமயம் விழிப்பதே இல்லை. கொடுங்கனவு கண்டு புரள்வார், தலையணை நனைந்திருக்கும். காலையில் எழும்போது தலை பாறாங்கல்லாகக் கனக்கும். ‘தூங்கியும் தூங்காதது போல் இருக்கிறதே’ என்பார். அந்நேரம் சர்க்கரையை அளந்தால் அது சரியாகவோ சற்று மிகுந்தோ கூட இருக்கலாம். ஏனெனில் இரவுக்குள் ஈரல் அதை ஈடுசெய்திருக்கக் கூடும். எனவே இரவு இன்சுலின் எடுத்துக்கொள்பவருக்கு அடிக்கடி விடியற்காலைத் தலைவலி வருமானால், ஓரிரு நாள் அலாரம் வைத்து மூன்று மணிக்கு எழுந்து விரல் நுனி இரத்தத்தைக் கருவியில் சோதிப்பது பயனுடையது. முதல் நாள் மாலை மது அருந்தியவருக்கும் இந்த இரவுத் தாழ்வு எளிதில் வரும். மது ஈரலின் கையைக் கட்டிப்போட்டுவிடுகிறது.

அப்படியானால் ஒற்றைத் தலைவலி என்பது யாது? தமிழில் ‘ஒற்றை’ என்றோம். கன்னட நண்பர்கள் ‘அரெதலெ நோவு’ என்கின்றனர். அரைத் தலை நோவு. மைக்ரேன் என்ற பெயரும் ‘அரை மண்டை’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே. மூன்று மொழியினரும் ஒரே செய்தியைக் கண்டு பெயரிட்டிருக்கின்றனர். எனினும் இருபுறமும் வலிக்கும் ஒற்றைத் தலைவலியும் உண்டு என்பதை மறக்கலாகாது. நாடி துடிப்பதுபோல் விண்விண்ணென்று தெறிக்கும் வலி, குமட்டல், வெளிச்சமும் ஓசையும் பொறுக்கமுடியாமை, நடந்தால் வலி மிகுதல் ஆகியவை இதன் அடையாளங்கள். மருந்தின்றி விட்டால் நான்கு மணி முதல் மூன்று நாள் வரை நீடிக்கும். சிலருக்கு வலிக்கு முன்பாகக் கண்ணெதிரே மின்னும் கோடுகள் தோன்றும். இங்கே கருதத்தக்க மற்றொன்றும் உண்டு. வலி தொடங்குவதற்குப் பல மணி முன்னதாகவே சிலருக்குக் கொட்டாவி, சோர்வு, பசி, இனிப்பின் மேல் தனி விருப்பம் ஆகியவை தோன்றுவதுண்டு. இவை சர்க்கரைத் தாழ்வின் அறிகுறிகளை ஒத்திருப்பதை வாசகர் கவனித்திருப்பர். நம் பெரியவரைப் போன்றோர் குழம்புவதற்கு இதுவே பாதிக் காரணம்.

பசித்தால் ஒற்றைத் தலைவலி வரும் என்பதை எந்தத் தாயும் சொல்வாள். அறிவியலார் இதைச் சோதித்துப் பார்த்தபோதோ, விடை அவ்வளவு நேராக வரவில்லை. பிரிட்டனில் 1966-இல், உணவு தவறினால் தமக்கு வலி வரும் என்று கூறிய 12 பேரைப் பத்தொன்பது மணி நேரம் பட்டினி போட்டுப் பார்த்தனர். அறுவருக்கு வலி வந்தது. சரி, அப்படியானால் சர்க்கரையை மருந்தினால் இறக்கினால் என்ன ஆகும்? 1971-இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஒற்றைத் தலைவலி உடைய 20 பேருக்கு இன்சுலின் ஏற்றிச் சர்க்கரையைத் தாழ்த்தினர். இருவருக்கு மட்டுமே வலி கண்டது. அதாவது, சர்க்கரை இறங்கிய அக்கணம் அன்று, நெடுநேரப் பட்டினியே ஒற்றைத் தலைவலியைக் கிளறுகிறது என்று தோன்றுகிறது. இஸ்ரேல் நாட்டில் யூதர்கள் ஆண்டுக்கொரு முறை நீரும் அருந்தாமல் ஒரு நாள் முழுதும் நோன்பிருப்பர். 1995-இல் வெளியான ஆய்வொன்றில், அந்நோன்பிருந்த மருத்துவமனை ஊழியர் 211 பேரில் நூற்றுக்கு 39 பேருக்குத் தலை வலித்தது. நோன்பிராதவரில் நூற்றுக்கு 7 பேருக்கே வலித்தது. இவர்களுள் முன்பே தலைவலிக்கு ஆளாகிறவர்களுக்கே வலி மிகுதியாக வந்தது. நம் ஏகாதசியும் சஷ்டியும் ரமலான் நோன்பும் நமக்கு நினைவு வருகின்றன.

மேலும் ஒரு வியப்பைக் கூறுவோம். பிரான்சு நாட்டில் எழுபத்து நான்காயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2019-இல் வெளியாயிற்று. ஒற்றைத் தலைவலியால் அவதிப்பட்டவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வருவது மற்றவரைவிடக் குறைவாக இருந்தது. அதுமட்டுமன்று, நீரிழிவு வரவிருந்தவர்களிடம், நோய் கண்டறியப்படுவதற்கு முந்தைய இருபத்து நான்கு ஆண்டுகளில் ஒற்றைத் தலைவலி நூற்றுக்கு 22 என்ற அளவிலிருந்து 11-ஆகப் படிப்படியாகக் குறைந்து வந்தது. ஒற்றைத் தலைவலிக்காரர் இதைக் கேட்டு இனிப்பை அள்ளி உண்ணத் தொடங்கிவிடக் கூடாது! நமக்கு இதிலிருந்து கிடைக்கும் குறிப்பு வேறு. நீரிழிவு முதிர்ந்த பின் ஒருவருடைய தலைவலி பெருகுமானால், அல்லது புதிதாகத் தோன்றுமானால், ‘பழைய வலிதான் திரும்பிவிட்டது’ என்று எண்ணி விட்டுவிடுவது பொருந்தாது. அவருக்குச் சர்க்கரை தாழ்கிறதா, இரத்த அழுத்தம் உயர்கிறதா, கண் கெடுகிறதா என்று தேடவேண்டும்.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், தலைப்பில் எழுப்பிய வினாவுக்கு நாம் தரக்கூடிய விடை இதுதான்: சர்க்கரை தாழ்ந்தால் தலை வலிக்கலாம், ஆனால் தலை வலிப்பதெல்லாம் சர்க்கரைத் தாழ்வன்று. உணவு தாமதமாகும்போது ஒற்றைத் தலைவலியும் சர்க்கரைத் தாழ்வும் ஒரே வாசல் வழியாக உள்ளே நுழைகின்றன. இவற்றுள் தலைவலி காத்திருக்கும். சர்க்கரைத் தாழ்வு காத்திராது. எனவே எதை முதலில் பார்ப்பது என்பதில் ஐயத்திற்கு இடமில்லை.

நம் பெரியவர் எதை முதலில் பார்த்தார்? காப்பியை. காப்பியிலுள்ள கபீன் தலைவலியை உண்மையாகவே தணிக்கும். சில வலி மாத்திரைகளில் அதையே சேர்க்கிறார்கள். ஆனால் சர்க்கரை இடாத காப்பியில், ஊற்றிய பாலில் உள்ள சொற்பச் சர்க்கரையைத் தவிர வேறொன்றும் இல்லை. அது விழுந்த சர்க்கரையைத் தூக்கி நிறுத்தப் போதாது. வலி சற்று அடங்கும், சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். அடுத்து அவர் செய்தது இருட்டறையில் படுத்தது. ஒற்றைத் தலைவலிக்கு அது நல்ல மருந்து. சர்க்கரைத் தாழ்வுக்கோ அதைவிடத் தீங்கானது வேறில்லை, ஏனெனில் அவரைப் பார்த்துக்கொள்ள அங்கே எவரும் இல்லை.

மருந்துகளும் இந்தக் குழப்பத்தில் பங்கு கொள்கின்றன. அடிக்கடி ஒற்றைத் தலைவலி வருவோருக்கு அதைத் தடுக்கப் புரோபிரனலால் என்ற மாத்திரையை மருத்துவர் கொடுப்பதுண்டு. நல்ல மருந்துதான். ஆனால் அது அட்ரினலினின் குரலை அடக்குவது. சர்க்கரை தாழும்போது எச்சரிக்கும் நடுக்கமும் படபடப்பும் இதனால் மறைந்துபோகலாம். வியர்வை மட்டும் மறைவதில்லை. இன்சுலினும் இம்மாத்திரையும் சேர்த்து எடுத்துக்கொள்பவருக்கு, காரணமில்லாத குளிர்ந்த வியர்வை ஒன்றே மணி அடிக்கும் காவலன். ஆகவே தலைவலிக்காக வேறொரு மருத்துவரிடம் போகும்போது, தாம் நீரிழிவுக்கு உண்ணும் மருந்தையும் சொல்லவேண்டும்; நீரிழிவு மருத்துவரிடம் தலைவலி மருந்தைச் சொல்லவேண்டும். அடிக்கடி சர்க்கரை தாழ்ந்து பழகியவருக்கு, எந்த மாத்திரையும் இல்லாமலேயே இந்த எச்சரிக்கைகள் மழுங்கிவிடுவதும் உண்டு.

எதிர்த் திசையிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. ஒற்றைத் தலைவலி வந்து வாந்தியெடுக்கிறார். காலை மாத்திரையை முன்பே விழுங்கியாயிற்று, அல்லது ஊசி போட்டாயிற்று. உணவோ வயிற்றில் நிற்கவில்லை. இப்போது தலைவலியே சர்க்கரைத் தாழ்வுக்கு வழி திறக்கிறது. அத்தகைய நாளில் ஓரிரு மணிக்கொருமுறை அளந்து பார்ப்பதும், சர்க்கரை கலந்த நீரை மிடறு மிடறாக அருந்துவதும், வாந்தி நிற்காவிட்டால் மருத்துவமனைக்குச் செல்வதும் தேவை. இன்சுலினைத் தாமாகவே முற்றிலும் நிறுத்திவிடுவது வேறு கேட்டைத் தரும். எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது முறை.

சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்று தெரிந்தால், அல்லது அளக்கக் கருவி இல்லாமல் ஐயம் மட்டும் இருந்தாலும், செய்ய வேண்டியது எளியது. மூன்று சிறு கரண்டிச் சர்க்கரையை, அதாவது 15 கிராம் அளவு, நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். அரைக் குவளைப் பழச்சாறும் ஆகும். பதினைந்து நிமிடம் பொறுத்து மீண்டும் அளக்க வேண்டும். ஏறவில்லையானால் இன்னொரு முறை. ஏறிய பின் ஏதேனும் உணவு கொள்ள வேண்டும். மைசூர்பாகு இதற்கு உதவாது! நெய்யும் பாலும் கலந்த இனிப்புகள் குடலில் மெல்ல நகர்வன. அவசரத்திற்கு வெறுஞ் சர்க்கரையே சிறந்தது. அகார்போசு, வாக்ளிபோசு என்னும் மாத்திரைகளை உண்பவர் மட்டும், வீட்டுச் சர்க்கரைக்குப் பதிலாக மருந்துக் கடையில் விற்கும் குளுக்கோஸ் தூளையே வைத்துக்கொள்ள வேண்டும். அம்மாத்திரைகள் சாதாரணச் சர்க்கரை செரிப்பதைத் தாமதப்படுத்துகின்றன.

நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. அன்பின் மிகுதியால் நம் வீடுகளில் நிகழும் பிழை இது. ஊற்றிய நீர் மூச்சுக் குழலில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மாத்திரையினால் தாழ்ந்த சர்க்கரை, ஒருமுறை ஏறிய பின்பும் சில மணி கழித்து மீண்டும் இறங்கக்கூடும். ஆகையால் ‘தெளிந்துவிட்டாரே’ என்று உடனே வீட்டுக்கு அழைத்து வர அவசரப்படுவது சரியன்று.

சொந்த ஊரைவிட்டு வந்தவர்களுக்கு இதில் சில தனி இடர்கள் உண்டு. ஊரில் மணியடித்தாற்போல் சாப்பிட்டவர், பெங்களூரில் தொழிற்சாலையின் வேலை முறைக்கும் சாலை நெரிசலுக்கும் ஏற்பச் சாப்பிடுகிறார். மாலையில் சில்க் போர்டுச் சந்திப்பில் வண்டிகள் நகராமல் நிற்பதை அறியாதவர் யார்? பம்பாயின் மின்சார ரயிலிலும் டில்லியின் பேருந்திலும் இதே கதைதான். இரவு வேலை பார்ப்பவர் பகல் வேலைக்காரருக்கு வகுத்த மருந்து நேரத்தையே பின்பற்றுவதும் உண்டு. மருத்துவரிடம் தாம் உண்ணும் நேரத்தையும் உறங்கும் நேரத்தையும் உள்ளபடி சொன்னால், அவற்றுக்குப் பொருந்த மருந்தை மாற்றித் தர அவரால் இயலும். விரதம் இருக்க விரும்புவோரும் அதற்கு முன்பே கேட்டுக்கொள்ளலாம். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-இல் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய டாக்டர் எம். விசுவநாதன், பின்னர் 1954-இல் இராயபுரத்தில் அதற்கென்றே ஒரு மருத்துவமனையை நிறுவினார். அன்று அத்தகைய இடத்தைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது. இன்று பெங்களூரிலும் நீரிழிவுக்கென அரசு நிறுவனம் இருக்கிறது. தலைவலிக்கு நிம்ஹான்ஸ் இருக்கிறது.

மொழியும் ஓர் இடர்தான். பேருந்தில் ஒருவர் வியர்த்து, சொல் குழறி, தள்ளாடினால், அருகில் இருப்பவர் அவரைக் குடித்தவர் என்று எண்ணி விலகிவிடுவதுண்டு. கன்னடம் அறியாத முதியவர், தமக்கு நீரிழிவு என்பதைச் ‘சக்கரெ காயிலெ’ என்ற இரு சொற்களாலும், ‘சக்கரெ கடிமெ ஆகிதெ’ என்ற ஒரு வாக்கியத்தாலும் நடத்துநருக்குப் புரியவைத்துவிடலாம். நா எழாத நேரத்திற்காக அதையே கன்னடத்தில் பேரன் பேத்தியரைக் கொண்டு ஒரு சீட்டில் எழுதி, உண்ணும் மருந்தின் பெயரையும் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் சேர்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பையிலேயே ஒரு சிறு பொட்டலம் குளுக்கோஸும் இருக்கட்டும்.

அல்சூர்ப் பெரியவருக்கு வருவோம். அவர் மனைவி சாப்பாட்டை எடுத்து வைக்கவில்லை. முதலில் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்தார். விழுங்கும் நிலையில் அவர் இருந்ததால் அது முடிந்தது. கால் மணியில் பேச்சுத் தெளிந்தது. தலைவலி மட்டும் மாலைவரை போகவில்லை. அதில் வியப்பில்லை; சர்க்கரை ஏறிய பின்னும் தலைவலி சில மணி நிற்பது உண்டு, கிளறிவிடப்பட்ட ஒற்றைத் தலைவலியோ தன் தவணை முடியாமல் போகாது. அவருக்கு வந்தவை இரண்டும்தாம். இனி அவர் செய்யத்தக்கது, ஒரு பள்ளிக்கூட நோட்டை வாங்கி, தலை வலிக்கும் ஒவ்வொரு முறையும் மணி என்ன, கடைசியாக உண்டது எப்போது, மருந்து எடுத்துக்கொண்டது எப்போது, அக்கணம் கருவி காட்டிய சர்க்கரை எவ்வளவு என்று எழுதி வருவது. இரண்டு மாதக் குறிப்பைப் பார்த்தால் மருத்துவருக்கு வழி தெரிந்துவிடும். வலித்த போதெல்லாம் சர்க்கரை 70-க்குக் கீழே இருந்திருந்தால் நீரிழிவு மருந்தின் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மாத்திரைக்கு மாற்றுவார். சர்க்கரை நூற்றுக்கு மேல் இருந்தும் வலித்திருந்தால், அது ஒற்றைத் தலைவலிக்கே உரிய மருத்துவத்தைத் தொடங்க வேண்டிய செய்தி.